முகநூலில் எழுதியதைச் சொந்த முகவரிக்குக் கொண்டுவருவது எப்படி?

நீங்கள் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் முகநூலில் எழுதிய ஒரு நல்ல பதிவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இப்போது அதைத் தேடி எடுக்க முடிகிறதா பாருங்கள். பெரும்பாலானவர்களால் முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் எத்தனையோ பேர் தெருத்தெருவாக நிலவரம் எழுதினார்கள்: எங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்தப் பாலம் மூடப்பட்டிருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கிறது என்று. ஓர் ஊரின் வரலாற்றுக்கு அவ்வளவும் ஆவணம். அதில் ஒன்றை எடுத்துக் காட்டச் சொன்னால் எழுதியவரே திண்டாடுவார். கணக்கு இல்லாதவருக்கு அந்தப் பக்கம் திறக்காது. உள்ளே வரச் சொல்லி மறிக்கும். கூகுளில் தேடினாலும் அகப்படாது.

முகநூலை விட்டு வெளியேறுங்கள் என்று சொல்ல வரவில்லை. வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அங்கே எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுத்தின் மூலப்பிரதி உங்கள் பெயரில் உள்ள ஓர் இணைய முகவரியில் இருக்க வேண்டும். முகநூலுக்குப் போவது அதன் நகலாக இருக்க வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. முகநூலிலேயே ‘நோட்ஸ்’ என்று நீண்ட கட்டுரை எழுதும் வசதி இருந்தது. 2020 அக்டோபருக்குப் பிறகு புதிதாக எழுத முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். அறிவிப்பு வந்த பிறகு அவசர அவசரமாக அள்ளுவதைவிட, நிதானமாக இப்போதே எடுத்துவைப்பது நல்லது.

இந்த வேலையைச் செய்து முடித்தபோது, எங்கெங்கே மாட்டிக்கொண்டேன் என்று குறித்துவைத்திருந்தேன். அதை ஒழுங்குபடுத்தியதுதான் இந்தக் கட்டுரை. கணினி அறிவு அதிகம் தேவையில்லை. பொறுமை தேவை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு மின்னஞ்சல் முகவரி. அலுவலகத்தில் கொடுத்ததோ கல்லூரியில் கொடுத்ததோ வேண்டாம். வேலையை விட்டால் அதுவும் போய்விடும். உங்கள் பெயரில் தொடர்ந்து உயிரோடு உள்ள கைபேசி எண். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். பயன்படுத்தாமல் மூன்று மாதம் போட்டுவைத்த சிம் முடக்கப்படலாம் என்பதால் இரண்டாவது கைபேசியில் தூங்கும் எண்ணைக் கொடுக்காதீர்கள். பணம் கட்ட யுபிஐ அல்லது வங்கி அட்டை. ஆதார் அல்லது பான் அட்டையின் நகல், ‘.இன்’ என்று முடியும் இணையப் பெயருக்கு (டொமைன்), அதை விற்கும் பதிவு நிறுவனங்கள் சில அடையாள ஆவணம் கேட்கின்றன. கடைசியாக ஒரு காகித நோட்டுப் புத்தகம். விளையாட்டாகச் சொல்லவில்லை; ஏன் என்பது கடைசிப் படியில் வரும்.

செலவு: கட்டாயச் செலவு பெயருக்கு மட்டும்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், வரி தனி. மற்ற எல்லாவற்றையும் இலவசமாகவே நடத்தலாம்.

நேரம்: தளத்தை நிறுவ ஒரு வார இறுதி போதும். பழைய எழுத்துகளை மாற்றி ஏற்ற மாதக்கணக்கில் ஆகும். அதில் அவசரப்படவும் வேண்டாம்.

1. முதலில் முகநூலிடம் உங்கள் எழுத்தைக் கேளுங்கள்

பலரும் வலைப்பூவுக்கு அழகான தோற்றம் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி அங்கேயே களைத்துப்போகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் இது. விண்ணப்பித்த பிறகு கோப்பு தயாராகச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகும். அதற்குள் மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

முகநூல் அமைப்புகளில் ‘அக்கவுண்ட்ஸ் சென்டர்’ என்ற பகுதிக்குப் போனால், உங்கள் தகவல்களைத் தரவிறக்கம் செய்யும் வழி இருக்கும். அங்கே மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, கால அளவு. தானாகக் காட்டும் காலம் அண்மைய மாதங்களாகவோ கடைசி ஓர் ஆண்டாகவோ இருக்கலாம். அதைக் கவனிக்காமல் பொத்தானை அழுத்துகிறவர்கள் ஓர் ஆண்டுப் பதிவுகளை மட்டும் வாங்கிக்கொண்டு, எல்லாம் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். தொடக்கத்திலிருந்து முழுவதும் வேண்டும் என்று மாற்றுங்கள்.

இரண்டாவது, எதை எடுப்பது. எல்லாவற்றையும் கேட்டால் நீங்கள் எப்போதோ பார்த்த விளம்பரங்களின் பட்டியல்வரை சேர்ந்து கோப்பு ஊதிப்போகும். பதிவுகள், குழுக்களில் எழுதியவை, நீங்கள் எழுதிய கருத்துரைகள் ஆகியவை போதும். கருத்துரைகளை விட்டுவிடாதீர்கள். பலருடைய சிறந்த எழுத்து அடுத்தவர் பதிவுக்குக் கீழே நான்கு பத்தியாகக் கிடக்கிறது.

மூன்றாவது, கோப்பின் வடிவம். எச்டிஎம்எல், ஜேசன் என்று இரண்டு கொடுப்பார்கள். எச்டிஎம்எல்லையே தேர்ந்தெடுங்கள். ஜேசன் கோப்பைத் திறந்தால் தமிழ் இருக்காது. தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ஏ எழுத்தும், வட்டத்துக்குள் இருக்கும் ஆர் குறியும் மாறி மாறி வரிசையாக வரும், அல்லது அவற்றின் எண்கள் வரும். காரணம் எளியது: யூனிகோடு தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் கணினியில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது, ஜேசன் கோப்பில் அந்த மூன்றையும் மூன்று தனி ஐரோப்பிய எழுத்துகளாக எழுதிவிடுகிறார்கள். எழுத்து அழிந்துவிடவில்லை. ஏற்கெனவே ஜேசனாக எடுத்துவிட்டு, முகநூல் கணக்கும் இப்போது கையில் இல்லை என்றால் பதற வேண்டாம். பைத்தான் நிரல்மொழி தெரிந்த யாரிடமாவது ‘லத்தீன்-1 ஆகக் குறியாக்கி, யூடிஎஃப்-8 ஆகப் படித்துக் கொடு’ என்று சொல்லுங்கள். அவருக்கு அது ஒரு வரி வேலை.

கோப்பு தயாரானதும் அறிவிப்பு வரும். அது சில நாட்கள் மட்டுமே அங்கே இருக்கும். வந்த அன்றே இறக்கிவிடுங்கள். பிறகு அதை ஒரு பென் டிரைவிலும் நகலெடுத்து வையுங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பதிவுக்குக் கீழே மற்றவர்கள் எழுதிய கருத்துகள் இந்தக் கோப்பில் வராது. அவற்றில் முக்கியமானவை இருந்தால் பதிவைத் திறந்து கையால் நகலெடுக்க வேண்டியதுதான். எடுத்ததை அவர் பெயரோடு உங்கள் தளத்தில் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எழுத்து அவருடையது.

2. பெயரை வாங்குங்கள், உங்கள் பெயரில் வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். எழுத்தை வைக்கும் இடம் மாறலாம். வலைப்பூ நடத்த இடம் தரும் கூகுளின் பிளாகரிலிருந்து, அதே போன்ற வேர்ட்பிரஸுக்குப் போகலாம், அங்கிருந்து வேறெங்கும் போகலாம். பெயர் உங்களுடையதாக இருந்தால் வாசகருக்கு முகவரி மாறாது. இலவச முகவரியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் வலைப்பதிவர்களே சாட்சி. இந்தியாவில் பிளாகர் பக்கங்கள் ‘பிளாக்ஸ்பாட்.இன்’ என்ற முகவரியில் திறந்துகொண்டிருந்தன. எல்லோரும் அந்த இணைப்பைத்தான் நகலெடுத்துப் பகிர்ந்தார்கள். 2020-இல் அந்தப் பெயரே கூகுளின் கையை விட்டுப் போயிற்று. பகிர்ந்த பழைய இணைப்புகள் உடைந்தன. கூகுளுக்கே இந்தக் கதி.

எந்தப் பெயர்? தொலைபேசியில் விளக்கம் இல்லாமல் சொல்லக்கூடிய பெயர். உங்கள் பெயரில் ழகரம் இருந்தால் ஆங்கில எழுத்தில் ‘இசட் எச்’ போடுவதா, ‘எல்’ போடுவதா என்று ஆயுள் முழுக்க விளக்கிக்கொண்டிருப்பீர்கள். நெடிலுக்கு ஒரு ஏ போதுமா இரண்டா என்பதும் அப்படியே. ஊர்ப் பெயரோ தாத்தா பெயரோ சுருக்கமாக அமைந்தால் அதை எடுங்கள்.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா? வைக்கலாம். ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் முகவரிகள் உண்டு. ஆசைப்பட்டு வாங்கினால் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அதையே முதன்மையாக்காதீர்கள். நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் அது ‘எக்ஸ் என்’ என்று தொடங்கும் புரியாத எழுத்துச் சரமாக மாறிவிடும். பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று பயந்து தொடமாட்டார்.

‘.காம்’ வாங்குவதா ‘.இன்’ வாங்குவதா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. ‘.இன்’ பெயருக்கு உரிமையாளர் விவரத்தை மறைக்கும் தனியுரிமைச் சேவை கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ‘.எக்ஸ்ஒய்இசட்’ போன்றவை முதலாண்டு கொசுறு விலைக்குக் கிடைக்கும். இரண்டாம் ஆண்டு விலையைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இந்த இரண்டாம் ஆண்டு விலைதான் முதல் பொறி. பெரிய எழுத்தில் ‘99 ரூபாய்’ என்று போட்டிருப்பார்கள். புதுப்பிக்கும் விலை வேறெங்கோ பொடி எழுத்தில் இருக்கும். வாங்கும் முன் புதுப்பிப்பு விலையை மட்டும் ஒப்பிடுங்கள், முதலாண்டு விலையை மறந்துவிடுங்கள். கூடையில் தானாக வந்து உட்கார்ந்திருக்கும் மின்னஞ்சல் சேவை, பாதுகாப்புச் சான்றிதழ், தளம் கட்டும் கருவி எல்லாவற்றையும் நீக்குங்கள். எதுவும் தேவையில்லை. பிளாகரில் பாதுகாப்புச் சான்றிதழ் இலவசம்.

இரண்டாவது பொறி பெரியது. தெரிந்த பையன் ஒருவரிடம் ‘ஒரு வெப்சைட் போட்டுக்கொடுப்பா’ என்று பணம் கொடுப்போம். அவர் தன் மின்னஞ்சலில், தன் கணக்கில், தன் பெயரில் டொமைனைப் பதிவுசெய்துவிடுவார். கெட்ட எண்ணம் இருக்காது, சோம்பல்தான். எனக்குத் தெரிந்த ஒரு கவிஞருக்கு இது நடந்தது. போட்டுக்கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார், கைபேசி எண் மாறிவிட்டது, புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் யாருடைய பெட்டியிலோ கிடந்தன. கவிஞரின் பெயரில் இப்போது சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. உதவிக்கு யாரை வேண்டுமானாலும் அழையுங்கள், ஆனால் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், கடவுச்சொல் உங்கள் கையில்.

மூன்றாவது: பணம் கட்டியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது. ‘.காம்’ போன்ற பெயர்களுக்கு, உங்கள் மின்னஞ்சலை உறுதிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாட்களுக்குள் அதிலுள்ள இணைப்பைச் சொடுக்காவிட்டால் பெயர் செயல்படாமல் நிறுத்தப்படும். கடிதம் குப்பைப் பெட்டிக்குள் போயிருக்கலாம், அங்கேயும் பாருங்கள்.

நான்காவது, தானாகப் புதுப்பித்தல். அந்த வசதியை இயக்கிவிட்டோம் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையிலிருந்து மீண்டும் மீண்டும் பணம் எடுப்பதற்குத் தனி ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றில் இந்திய அட்டை இதனால் தோற்றுப்போகும். அட்டையில் பன்னாட்டுப் பயன்பாடு அணைக்கப்பட்டிருந்தாலும் அப்படியே. ஆகவே மூன்று ஆண்டுக்கோ ஐந்து ஆண்டுக்கோ சேர்த்துக் கட்டிவிடுங்கள். பத்து ஆண்டுவரை கட்டலாம். முடியும் தேதியை நாட்காட்டியில், ஒரு மாதம் முன்னதாக, குறித்துவையுங்கள்.

கெடு தவறிவிட்டால்? ‘.காம்’ பெயருக்குப் பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரம் சலுகைக் காலம் இருக்கலாம்; அதில் வழக்கமான கட்டணம். அது கடந்தால் 30 நாள் மீட்புக் காலம். அதில் தண்டம் பலமாக இருக்கும். அதுவும் கடந்தால் இன்னும் ஐந்தே நாள், பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பதிவு நிறுவனம் பிடிக்காமல் வேறிடத்துக்கு மாற்ற நினைத்தாலும், வாங்கிய முதல் 60 நாட்களுக்கு மாற்ற முடியாது.

3. எழுத்தை வைக்க இடம்

பிளாகர். முடிந்தது.

வேர்ட்பிரஸ் நல்லதுதான். ஆனால் அதை நீங்களே நிறுவி நடத்த இடவாடகை கட்ட வேண்டும், அடிக்கடி மேம்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் எவனாவது உள்ளே புகுந்து மருந்துக் கடை நடத்துவான். வேர்ட்பிரஸ்.காமின் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் வரும், சொந்தப் பெயரை இணைக்கப் பணம் கட்ட வேண்டும். ஹ்யூகோ, ஜெக்கில் போன்றவற்றைக் கொண்டு கிட்ஹப்பில் இலவசமாக நடத்துவது எல்லாவற்றிலும் சிறந்தது. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு. கட்டளைத் திரையைப் பார்த்தாலே அலுப்புத் தட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் போனால் தளத்தைப் பழுதுபார்ப்பதே எழுத்தாகிவிடும்.

பிளாகரைக் கூகுள் ஒருநாள் மூடிவிடாதா என்று கேட்பீர்கள். மூடலாம். அதற்காகத்தான் இரண்டாவது படியில் அவ்வளவு மெனக்கெட்டது. பெயர் உங்களிடம், நகல் உங்களிடம் என்றால், மூடினால் இன்னோர் இடத்துக்குப் போகிறோம்.

4. பெயரையும் தளத்தையும் இணைப்பது

பிளாகர் அமைப்புகளில் ‘கஸ்டம் டொமைன்’ என்ற இடத்தில் உங்கள் பெயரை முன்னால் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ சேர்த்து எழுதுங்கள். உடனே சிவப்பில் ஒரு பிழைச் செய்தி வரும். பயப்படாதீர்கள், அது வர வேண்டியதுதான். அந்தச் செய்திக்குள் இரண்டு ‘சிநேம்’ பதிவுகள், அதாவது உங்கள் பெயரைத் தளத்தோடு இணைக்கும் குறிப்புகள், இருக்கும். ஒன்று எல்லோருக்கும் பொதுவானது. மற்றது உங்களுக்கென்றே உருவாக்கப்பட்ட நீளமான எழுத்துச் சரம். இரண்டையும் அப்படியே நகலெடுத்து, பெயர் வாங்கிய இடத்தில் ‘டிஎன்எஸ்’ பகுதியில் சேர்க்க வேண்டும். தட்டச்சு செய்யாதீர்கள், ஒட்டுங்கள். முன்னால் ‘டபிள்யூ’ இல்லாமல் தட்டச்சு செய்பவர்களுக்காகப் பிளாகர் உதவிப் பக்கத்தில் கொடுத்திருக்கும் நான்கு ‘ஏ’ பதிவுகளையும் சேர்த்துவிடுங்கள்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று: பதிவு நிறுவனம் தானாகவே போட்டுவைத்த பழைய ‘ஏ’ பதிவு அங்கே ஏற்கெனவே இருக்கும். அதை நீக்காமல் புதியதைச் சேர்த்தால் தளம் ஒரு நேரம் திறக்கும், ஒரு நேரம் ‘விரைவில் வருகிறது’ என்று விளம்பரப் பக்கம் காட்டும்.

மாற்றம் உலகெங்கும் பரவ ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் ஆகும். இந்த நேரத்தில் பலர் பொறுமையிழந்து எதையாவது மாற்றுகிறார்கள், கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறது. சேர்த்துவிட்டுத் தூங்கப் போங்கள். தளம் திறந்த பிறகு பிளாகரில் ‘எச்டிடிபிஎஸ்’ தொடர்பான இரண்டு பொத்தான்களையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் உலாவி ‘பாதுகாப்பற்றது’ என்று உங்கள் வாசகரை மிரட்டும்.

5. எதைக் கொண்டுவருவது

எல்லாவற்றையும் கொண்டுவராதீர்கள். பிறந்தநாள் வாழ்த்து, அன்றைய அரசியல் சண்டை, ‘இன்று என்ன மழை’ ஆகியவை அங்கேயே இருக்கட்டும். என் அளவுகோல் இதுதான்: அன்றைய செய்தித்தாளைப் படிக்காத ஒருவருக்கு இது புரியுமா? புரிந்தால் எடுத்துக்கொள்ளலாம். புரியாவிட்டாலும் முக்கியம் என்று தோன்றினால், மேலே இரண்டு வரி பின்னணி எழுதிச் சேர்க்கலாம். ‘அந்தப் பயணக் குறிப்பு எங்கே, லிங்க் கொடுங்கள்’ என்று யாராவது உட்பெட்டியில் கேட்டிருந்தால் அது கண்டிப்பாக வர வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்புகள் கணினியில் இருந்தால், இதோடு சேர்த்து அவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் படித்துப் பார்ப்பது அவசியம்.

6. ஏற்றும்போது

முகநூல் கோப்பைப் பிளாகர் நேராக விழுங்காது. ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். ஒரு மாலையில் ஐந்தாறு என்று வைத்துக்கொண்டால் அலுப்புத் தட்டாது. எழுத்துப் பிழைகளையும் திருத்திக்கொண்டே போகலாம்.

ஒட்டும்போது எப்போதும் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் ஒட்டல் செய்தால் பழைய இடத்தின் எழுத்துரு, நிறம், அளவு எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்து, ஒரு பத்தி பெரிதாகவும் அடுத்தது பொடியாகவும் தெரியும்.

பதிவின் முகவரிக்கு வருவோம். தமிழில் எழுதுபவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் எதிலும் இருக்காது. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகருக்கு அதிலிருந்து முகவரி உண்டாக்கத் தெரியாது. ‘பிளாக்-போஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் போட்டுவிடும். அடுத்ததற்கு அதே பெயரோடு ஓர் எண். நூறு பதிவுக்குப் பிறகு உங்களுக்கே எது எது என்று தெரியாது. வேர்ட்பிரஸில் வேறு சிக்கல். அது தமிழை ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஒவ்வோர் எழுத்துக்குறியையும் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக ஒன்பது எழுத்துகளாக விரித்துச் சேமிக்கும். ‘தமிழ்நாடு’ என்ற ஒரு சொல்லில் புள்ளி, துணைக்கால் எல்லாம் சேர்த்து ஒன்பது குறிகள். முகவரியில் அது 81 எழுத்தாகிவிடும். வேர்ட்பிரஸின் வரம்பு 200. ஆகவே இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போனால் தலைப்பு நடுவில் வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் விழுக்காட்டுக் குறிகளின் ஊர்வலமாகத் தெரியும்.

தீர்வு ஒன்றுதான். வெளியிடும் பொத்தானை அழுத்தும் முன், வலப்பக்கத்தில் ‘பெர்மாலிங்க்’ என்ற இடத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லில் முகவரி கொடுங்கள். ‘madurai-sandhai’, ‘amma-kaditham’ என்பதுபோல. வெளியிட்ட பிறகு மாற்றினால் அதற்குள் யாராவது பகிர்ந்த இணைப்பு உடைந்துபோகும்.

அதே இடத்தில் தேதியும் இருக்கும். முகநூலில் எழுதிய தேதியைப் போடுங்கள். உங்கள் எழுத்து வரிசையாக, எழுதிய காலத்திலேயே போய் அமரும். 2014-இல் எழுதியதை இன்று எழுதியதாக நினைத்து யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

தோற்றத்துக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். எளிய வார்ப்புரு ஒன்றை எடுத்து, நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர் போன்ற இலவச எழுத்துருக்களில் ஒன்றைக் கொடுத்து, வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டினால் போதும். இருபுறமும் சமமாக வரிகளை நீட்டும் அமைப்பை மட்டும் தொடாதீர்கள். புத்தகம்போல இருக்கும் என்று ஆசையாக இருக்கும். நம் சொற்கள் நீளமானவை. கைபேசித் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும், நடுவில் பல் விழுந்த இடைவெளிகள் தெரியும்.

7. கூகுளிடம் சொல்வது

அமைப்புகளில் தேடுபொறிக்குத் தெரியும்படி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ‘சர்ச் கன்சோல்’ என்ற இலவசச் சேவையில் உங்கள் தளத்தைச் சேர்த்து, தளவரைபட (‘சைட்மேப்’, உங்கள் பக்கங்களின் பட்டியல்) முகவரியைக் கொடுங்கள். தேடலில் வரச் சில நாள் முதல் சில வாரம் ஆகும். தரவரிசையில் முதலிடம் வாங்கித் தருவதாக மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும், அழித்துவிடுங்கள்.

8. இனிமேல் எழுதுவது

முதலில் உங்கள் தளத்தில் வெளியிடுங்கள். பிறகு முழு எழுத்தையும் முகநூலில் போடுங்கள், கீழே ஒரு வரியில் உங்கள் முகவரியோடு. இணைப்பை மட்டும் போட்டு ‘முழுதும் படிக்க இங்கே சொடுக்கவும்’ என்று எழுதுபவர்களைப் பார்க்கிறேன். முகநூலில் இருப்பவர் முகநூலை விட்டு வரமாட்டார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே படிப்பவர் அங்கேயே படிக்கட்டும். உங்கள் தளம் தேடி வருபவருக்கு.

விருப்பக்குறி எண்ணிக்கையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். முதல் ஆண்டு ஒரு பதிவுக்கு இருபது பேர் வந்தால் நல்ல வரவு. ஆனால் நான்கு ஆண்டு கழித்து, வீட்டுப் பத்திரத்தில் பெயர்ப் பிழையைத் திருத்துவது பற்றியோ கோயில் கல்வெட்டைப் பற்றியோ நீங்கள் எழுதியதைத் தேடி ஒருவர் வந்து நன்றி சொல்வார். முகநூலில் இது நடக்காது. அங்கே பதிவின் ஆயுள் இரண்டு நாள்.

9. நகலும் வாரிசும்

மாதம் ஒருமுறை பிளாகர் அமைப்புகளில் ‘பேக்கப்’ எடுத்து உங்கள் கணினியில் வையுங்கள். அந்தக் கோப்பில் எழுத்து மட்டும் இருக்கும், படங்கள் இருக்காது. அவற்றின் இணைப்பு மட்டுமே இருக்கும். படங்களைத் தனி அடைவில், பதிவின் பெயரிலேயே சேமித்துவாருங்கள். முக்கியமான பதிவுகளின் முகவரியை இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ‘சேவ் பேஜ்’ கொடுத்துச் சேமிக்கலாம். இலவசம், அரை நிமிட வேலை.

தொகுப்பாகப் போதிய எழுத்து சேர்ந்து, மற்றவர்கள் பகிரலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடச் சம்மதமும் இருந்தால், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினருக்கு எழுதிப் பாருங்கள். அப்படி வெளியான வலைப்பதிவுகளை இலவச மின்னூலாக்கி வருகிறார்கள். உங்கள் அனுமதி மின்னஞ்சலில் தெளிவாக இருக்க வேண்டும், எந்த உரிமம் என்பதும் குறிப்பிட்டிருக்க வேண்டும். உரிமம் கொடுத்தால் திரும்பப் பெற முடியாது என்பதால், அச்சில் கொண்டுவரும் எண்ணம் இருக்கும் எழுத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் பேச விரும்பாத விஷயமும் உண்டு. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை வாரிசுக்கு உண்டு. ஆனால் கடவுச்சொல் தெரியாத வாரிசு என்ன செய்ய முடியும்? புதுப்பிக்காத பெயர் சில மாதங்களுக்குள் போய்விடும் என்று மேலே பார்த்தோம். கூகுள் கணக்கில் ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்று ஒரு வசதி இருக்கிறது. குறிப்பிட்ட மாதங்கள் நீங்கள் கணக்கைத் தொடாவிட்டால், நீங்கள் சொன்னவருக்குத் தகவல் போகும், அவர் உங்கள் தரவை எடுத்துக்கொள்ளலாம். குறைந்த காலம் மூன்று மாதம், அதிகம் 18 மாதம். இதை அமைக்கப் பத்து நிமிடம் ஆகாது. முகநூலிலும் வாரிசுத் தொடர்பாளரை நியமிக்கலாம். நியமிக்காமல் போனால் குடும்பத்தார் கணக்கை மூடுவதற்கு இறப்புச் சான்றிதழ் முதலியவற்றைக் கொடுத்து அலைய வேண்டியிருக்கும்.

இப்போது அந்த நோட்டுப் புத்தகம். பெயரை எந்த நிறுவனத்தில் வாங்கினீர்கள், எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதியில் முடிகிறது, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, பிளாகர் எந்தக் கூகுள் கணக்கில் உள்ளது என்று எழுதுங்கள். இருபடிப் பாதுகாப்புக்கு அவர்கள் தரும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு ஒட்டுங்கள். கைபேசி தொலைந்த அன்று அவைதான் உள்ளே விடும். டொமைன் கணக்கின் மின்னஞ்சலாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்: பெயர் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுவிடும், எச்சரிக்கைக் கடிதம் உங்களுக்கு வந்து சேராது. நோட்டை வீட்டுப் பத்திரமும் காப்பீட்டுத் தாள்களும் இருக்கும் கோப்பில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அது அங்கே இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.